தூனிஸ் நேரத்தில் திறந்த நோன்பு

அன்று மாலை சுண்ணாம்புக் காளவாய்க்குப் பின்னால் யார் யார் இருந்தோம், எங்கெங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜலேலின் வாடகை வேன் மேற்குப் பார்த்து நின்றது. அதன் படியில் அவன் மனைவி தலீலா, ஷோர்பா சூப்புப் பானையை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு. ஜலேல் ஓட்டுநர் இருக்கையில், காலை வெளியே தொங்கப்போட்டபடி. அவர்கள் மகன் ஸ்கந்தர், எட்டு வயது, பின்சக்கரத்தின் அருகில் நேற்றைய பேரீச்சங்கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். சுவாத் டீச்சர் எங்கள் காரின் முன் இருக்கையைச் சாய்த்துப் படுத்திருந்தார். அவருடைய மகன் அனீஸ் உட்காரமாட்டான். பதினேழு வயது, என்னைவிட ஒரு தலை உயரம். காரின் பானெட்டைத் தொட்டுத் தொட்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான். வேனுக்கும் காருக்கும் நடுவில் தார்ப்பாய் கட்டி, கீழே விரிப்பு. விரிப்பில் என் மனைவி நஜியா. அவள் மடியில் தலைவைத்து எங்கள் மகள் ரீம். நான் ரீமின் கால்மாட்டில், பாத்திரங்களின் பக்கத்தில்.

தூறிக்கொண்டிருந்தது. நோன்பு திறக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

ஊரில் எல்லோரும் நோன்பு திறக்கும் நேரத்தைச் சொல்லும் கோட்டைப் பீரங்கியின் சத்தத்துக்காகப் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். நாங்கள் அந்தச் சத்தம் எட்டாத இடத்தில் காத்திருப்போம். ரமலான் பிறந்தால் மாலை அஸர் தொழுகை முடிந்ததும் பாத்திரங்களைத் துணியில் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவோம். குன்றுக்குப் பின்னால், மூடிக்கிடக்கும் காளவாயின் பள்ளத்தில் எதுவும் கேட்காது. ரீமுக்குக் காதுக்கவசம் வாங்கிப் பார்த்தாயிற்று. காதை மூடலாம், தரையை எப்படி மூடுவது? அந்தச் சத்தம் அவளுக்கு உள்ளங்கால் வழியாக ஏறுகிறது. அதைவிட மோசம், அது வரப்போகிறது என்று தெரிந்திருப்பது. மத்தியானத்திலிருந்தே சன்னலோரம் நின்று சுவரில் நெற்றியை இடித்துக்கொண்டிருப்பாள். வெடித்த பிறகு மணிக்கட்டைக் கடிப்பாள். அவளை மீட்டு எடுப்பதற்குள் விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். அந்த மாதிரி ஒரு ரமலானை முழுதாகக் கழித்த பிறகுதான் காரை எடுத்துக்கொண்டு வெளியே வர ஆரம்பித்தோம். அது ஐந்து வருஷத்துக்கு முன்.

ஜலேலை இங்கேதான் பார்த்தோம். முதல் நாள் வேனுக்கு வெளியே நின்று, "பஞ்சர்ண்ணே" என்றான். நான், "எங்களுக்கு எஞ்சின் சூடாயிடுச்சு தம்பி" என்றேன். மறுநாளும் அதே இடத்தில் அவனுக்குப் பஞ்சர், எங்களுக்கு எஞ்சின் சூடு. அப்போது வேனுக்குள்ளிருந்து தலீலா தலையை நீட்டி, "ரெண்டு பேரும் நடிச்சது போதும். பிள்ளையைக் கொண்டுவந்திருக்கோம்னு சொல்லுங்க, கேட்கிற ஆளும் பிள்ளையைத்தானே கொண்டுவந்திருக்கார்" என்றாள். அன்றைக்குத்தான் எங்கள் பானையிலிருந்து அவர்கள் குடித்தார்கள். அடுத்த வருஷம் சுவாத் டீச்சர் வந்தார். அவருடைய கணவர் பிரான்சுக்குப் போய்ப் பணம் மட்டும் அனுப்புகிறார்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை எப்படி, பேச்சு வந்ததா, மருத்துவர் என்ன சொன்னார் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அதை ஊரே கேட்கிறது. இங்கே வந்து இறங்குகிறவரிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தூங்கினீங்களா? இல்லை என்று சொன்னால் அவர் உடனே யாருடைய காரிலாவது படுத்துவிட வேண்டும். அவருடைய பிள்ளையை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அன்று டீச்சரின் முறை. அனீஸ் இரவு முழுவதும் குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தானாம்.

பீரங்கி இல்லாமல் நேரம் எப்படித் தெரியும் என்றால், ஒருவர் மேட்டின் மேல் ஏறி நிற்பார். ஊர்ப் பள்ளிவாசல் மினாராவில் விளக்கு எரிந்ததும் துண்டை வீசுவார். எங்கள் பீரங்கி ஒரு சிவப்புத் துண்டு, அவ்வளவுதான். அதற்கு ரீம் பயப்படுவதில்லை. சில நாள் சிரிக்கவும் செய்வாள்.

இனி நஜியாவின் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கோட்டைப் பீரங்கியைச் சுடுகிறவரே ஷத்லி மச்சான்தான். அவருக்கு முன் என் மாமனார் சுட்டார். வருஷத்தில் பதினோரு மாதம் நகராட்சியின் தண்ணீர்ப் பிரிவில் மச்சான் என்ன செய்கிறார் என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த ஒரு மாதம் சிறுவர்கள் அவர் பின்னால் ஓடுவார்கள். கோட்டையின் அடியிலேயே அவர் வீடு. ஒவ்வொரு ரமலானிலும் முதல் வெள்ளிக்கிழமை குடும்பம் முழுவதும் அங்கே நோன்பு திறக்கும். அவர் சுட்டுவிட்டுப் படியிறங்கி வருவார், வெடிமருந்து வாசனையோடு மேசையின் தலைமாட்டில் உட்காருவார். ஐந்து வருஷமாக அந்த மேசையில் நாங்கள் இல்லை. ஒரு வருஷம் காய்ச்சல் என்றோம். ஒரு வருஷம் விருந்தாளி. அப்புறம் காரணம் சொல்வதையே விட்டுவிட்டோம்.

ரீமை அவருக்கு நன்றாகத் தெரியும். மற்ற மாதங்களில் வீட்டுக்கு வந்தால் அவள் போய் அவர் மீசையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவரும் அசையாமல் குனிந்தபடியே டீ குடிப்பார். ஆனால் பீரங்கி வெடிக்கும் நேரத்தில் அவளை அவர் பார்த்ததே இல்லை. அந்த நேரத்தில் அவர் இருக்கும் இடம் எப்போதும் ஒன்றுதான். அதனால் நாங்கள் வராததற்கு என்னைக் காரணமாக நினைத்தார். மாப்பிள்ளைக்குத் திமிர், படித்த திமிர் என்று.

இந்த வருஷம் பேக்கரி வாசலில் எல்லோர் முன்னாலும் என்னை நிறுத்தினார். காது மந்தம், பீரங்கி கொடுத்தது. அதனால் அவர் மெதுவாகப் பேசுவதே தெருவுக்குக் கேட்கும்.

"என் வீட்டுச் சாப்பாடு அவளுக்குக் கசக்குதா? சொல்லுங்க! இருபத்தேழாம் நோன்புக்குள்ள என் தங்கச்சி என்கூட உட்கார்ந்து நோன்பு திறக்கணும். இல்லேன்னா பெருநாளைக்கு என் வாசப்படி ஏற வேண்டாம். செத்தாலும் வர வேண்டாம்!"

அதை நஜியாவிடம் அப்படியே சொன்னேன். "செத்தாலும்னு சொன்னாரா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு ஊறவைத்த கொண்டைக்கடலையைத் தோலுரிக்க உட்கார்ந்துவிட்டாள். உரிக்கத் தேவையில்லாத கடலை.

"உண்மையைச் சொல்லிட்டா என்ன?" என்றேன்.

"சொன்னா நாளைக்கே விட்டுடுவான். எனக்கு அவனைத் தெரியும். இவளுக்குப் பயம்னு தெரிஞ்சா அதுக்கப்புறம் அந்தத் திரியை அவன் தொடமாட்டான். வேற எவனாவது சுடுவான், சத்தம் அப்படியேதான் இருக்கும். இவன் மட்டும் திண்டாடி வீட்டுல உட்கார்ந்திருப்பான். ஊர் என்ன சொல்லும்? அந்தப் பிள்ளையாலதான்னு சொல்லும்."

அவள் சொல்வதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. இருபத்தேழு நெருங்கிக்கொண்டிருந்தது.

அன்று மேடு சேறாகக் கிடந்தது. துண்டை எடுத்துக்கொண்டு ஏற யாருக்கும் மனம் வரவில்லை. "எதுக்கு ஏறணும்? வேன்ல ரேடியோ இருக்கே" என்றான் ஜலேல். திருகி, ஒரு நிலையத்தைப் பிடித்தான். குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஸ்கந்தர் கொட்டைகளைத் தார்ப்பாயின் விளிம்புவரை அடுக்கிவிட்டு மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓதல் நின்றது. பாங்கு எழுந்தது.

"பிஸ்மில்லா" என்றோம். நான் பேரீச்சம்பழத்தைக் கடித்தேன். நஜியா ரீமுக்கு மோர் கொடுத்துவிட்டுத் தானும் ஒரு வாய் குடித்தாள். தலீலா முட்டை வைத்துப் பொரித்த பிரிக்கை ஜலேலின் கையில் திணித்தாள். பாங்கு முடிந்து அறிவிப்பாளர் ஏதோ சொல்ல வந்தார். அதைக் கேட்க யாருக்குப் பொறுமை? ஜலேல் ரேடியோவை அணைத்துவிட்டான். ஸ்கந்தர் அதற்குள் மேட்டில் பாதி தூரம் ஓடியிருந்தான். பிரிக்கைக் கடித்தபடியே ஜலேல் பின்னால் ஓடினான்.

உச்சியில் பிள்ளையைப் பிடித்துவிட்டு அப்படியே நின்றான். மெல்லுவதை நிறுத்தியது கீழிருந்தே தெரிந்தது.

"தலீலா!"

"என்ன?"

"மினாரா எரியல!"

"கரண்ட் போயிருக்கும்!"

"தெருவிளக்கு எரியுதே! ஏய், துப்புங்க! எல்லாரும் துப்புங்க!"

யாரும் துப்பவில்லை. விழுங்கியதைத் துப்புவது எப்படி? நான் வாயில் கொட்டையோடு உட்கார்ந்திருந்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோதே மேட்டின் மேலிருந்து, "இப்பதான் எரியுது!" என்று கத்தினான் ஜலேல். அவன் மோவாயில் முட்டையின் மஞ்சள் வழிந்தது.

அவன் சறுக்கிக்கொண்டு இறங்கிவந்தபோது தலீலா தயாராக இருந்தாள்.

"எந்த ஊர் பாங்குய்யா அது?"

"தூனிஸ், தலைநகர்."

"தூனிஸ்ல சூரியன் மறைஞ்சா நமக்கென்ன? தூனிஸ் எங்க இருக்கு, நாம எங்க இருக்கோம்? தினமும் அந்த ரோட்டுல வண்டி ஓட்டுறவனுக்கு அது கிழக்கே, அங்க முன்னாடியே இருட்டும்னு தெரியாதா?"

"தெரியும்டி. நோன்பு திறக்கிற நேரத்துல ரோடு ஞாபகம் வரல, பிரிக்குதான் ஞாபகம் வந்துச்சு."

"ஒரு நாள் நோன்பு போச்சு. பெருநாள் முடிஞ்சு இன்னொண்ணு வைக்கணும். எல்லாரும்!"

இந்தச் சத்தத்தில் காரின் கதவைத் திறந்துகொண்டு சுவாத் டீச்சர் எழுந்து வந்தார். கன்னத்தில் இருக்கையின் தையல் பதிந்திருந்தது. விஷயத்தைக் கேட்டார்.

"அப்ப நான் மட்டும்தான் தப்பிச்சேனா?" என்றார். "நல்லது. இனிமே யாரும் என்னை எழுப்பாதீங்க, தூங்கினாத்தான் சொர்க்கம்." நிதானமாக ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துக் கண்ணை மூடிச் சாப்பிட்டார்.

எல்லோரும் சிரித்தோம். நஜியாவும் சிரித்தாள், எங்களைவிட அதிகமாக. தோள் குலுங்கியது. ரீம் அவள் மடியிலிருந்து எழுந்து உட்கார்ந்து, தாயின் முகத்தைப் பார்க்காமல் அவள் தொண்டையில் கையை வைத்தாள். யாராவது சிரித்தால் அப்படித்தான் தொட்டுப் பார்ப்பாள். கையை உடனே எடுத்துவிட்டாள். அப்போதுதான் அது சிரிப்பில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"பீரங்கிக்காரன் வீட்டுப் பொண்ணு நான்" என்றாள் நஜியா. "எங்க வீட்டுல யாரும் நேரம் தப்பி வாயைத் திறந்தது கிடையாது. அண்ணன் சுடாம ஊர்ல ஒரு ஈ கூட வாயைத் திறக்காது. நான் இங்க வந்து, அவனுக்கு முன்னாடி... அவன் அங்க வானத்தைப் பார்த்துட்டு நிக்கிறான், நான் இங்க மோர் குடிக்கிறேன்."

தலீலா பானையை இறக்கிவைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, இதுக்குன்னு அழுவியா? அல்லா மன்னிப்பான். தெரியாமத்தானே?"

"அல்லாவுக்குத் தெரியும். அண்ணனுக்குத்தான் தெரியாது."

அவள் அவர்களிடம் மச்சானைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. பேக்கரி வாசலில் நடந்தது, இருபத்தேழாம் நோன்பு, செத்தாலும் வர வேண்டாம் என்றது, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே ஷோர்பா ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கிண்ணங்கள் சுற்றி வந்தன. அனீஸ் நின்றபடியே குடித்தான்.

"போன்ல சொல்லேன்" என்றாள் தலீலா.

"போன்ல அவனுக்கு ஒண்ணும் கேட்காது. நான் கத்தணும், அவன் கத்துவான், கோட்டைத் தெரு முழுக்க எங்க கதை கேட்கும்."

"நேர்ல போய்..."

"நேர்ல போனா நான் அழுவேன். நான் அழுதா அவன் உடனே விட்டுடுவான். சின்னப் பிள்ளையா இருக்கும்போது அப்பா சுட்டதுல நான் ஒரு தடவை பயந்து அழுதேன். அதுக்கு அவன் அப்பாகூட ரெண்டு நாள் பேசல."

சுவாத் டீச்சர் கிண்ணத்தைத் துடைத்துவைத்தார். "நீ அவருக்குச் செய்தி சொல்லணும்னே நினைக்கிற. செய்தி சொன்னா மனுஷன் தன்னைத்தான் குத்தம் சொல்லுவான். அவர்கிட்ட ஏதாவது கேளு. உதவி கேளு."

"என்ன உதவி கேட்கிறது?"

டீச்சர் ஜலேலின் மோவாயைக் காட்டினார். "இங்க நேரம் பார்க்கத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர்கூட இல்ல. அதைச் சொல்லு."

ஜலேல் கையால் துடைத்துக்கொண்டான். பிறகு நஜியா என்னைப் பார்த்தாள். என் காரில் எப்போதும் தாளும் உறையும் இருக்கும். கூட்டுறவுக் களஞ்சியத்தில் எழுத்தர் வேலை, ஊரில் பாதிப் பேரின் மனுவை எழுதுவதும் நான்தான். கொண்டுவந்து பானெட்டின் மேல் வைத்தேன். தலீலா கைபேசியின் விளக்கைப் பிடித்தாள். தேதியும் ஊரும் எழுதி, "மாண்புமிகு" என்று ஆரம்பித்தேன்.

"அதை அடிங்க" என்றாள் நஜியா. "என் அண்ணனுக்கு எழுதுறேன், ஆளுநருக்கா?"

வேறு தாள் எடுத்தேன். அவள் ரீமின் முதுகைத் தடவியபடி சொல்லச் சொல்ல எழுதினேன்.

"அன்புள்ள அண்ணனுக்கு. முதலில் ஒன்று: நீ பீரங்கியை விடக் கூடாது. மீதியைப் படித்த பிறகும் விடக் கூடாது. விட்டால் நான் உன்னோடு பேசமாட்டேன், அப்பாமேல் ஆணை. ரீமால் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. அது உன் குற்றமும் இல்லை, அவள் குற்றமும் இல்லை. மழை பெய்தால் குடை பிடிப்பதுபோல நாங்கள் அந்த நேரத்தில் மட்டும் காளவாய்க்குப் பின்னால் ஒதுங்கிவிடுகிறோம். உன் மாப்பிள்ளைக்குத் திமிர் எதுவும் கிடையாது."

"அதை எழுத வேண்டாம்" என்றேன்.

"எழுதுங்க. அவன் அதைத்தான் நினைச்சுட்டு இருக்கான்."

எழுதினேன்.

"இங்கே எங்களைப் போல இன்னும் இரண்டு குடும்பம் இருக்கிறது. நல்ல மனிதர்கள். ஆனால் நேரம் பார்க்கத் தெரியாதவர்கள். இன்று தூனிஸ் பாங்கைக் கேட்டு உனக்கு முன்னால் வாயைத் திறந்துவிட்டோம். ஒரு நாள் நோன்பு கெட்டது."

"என் பேரைப் போடாதீங்கண்ணே" என்றான் ஜலேல்.

"ஜலேல் என்ற வேன்காரன் என்று போடுங்க" என்றாள் தலீலா.

நஜியா சிரித்தாள். இந்தத் தடவை ரீம் கையை எடுக்கவில்லை.

"அண்ணா, ஒரே ஒரு நாள், இருபத்தேழுக்கு முன்னால், பீரங்கியை உன் உதவியாளன் நூரியிடம் கொடுத்துவிட்டு இங்கே வா. மேட்டில் நின்று வானத்தைப் பார்த்து நீ சொல். நீ சொன்ன பிறகு நான் வாயைத் திறக்கிறேன். உன்கூட உட்கார்ந்துதான் நோன்பு திறக்கணும் என்றாயே, எந்த மேசை என்று நீ சொல்லவில்லை. கொண்டைக்கடலை போட்ட ஷோர்பா வைக்கிறேன். ரீம் உன் மீசையைக் கேட்கிறாள்."

"ரீம் கேட்டாளா?" என்றேன். அவள் இன்றுவரை எதையும் சொல்லால் கேட்டதில்லை.

"கேட்கிறா" என்றாள் நஜியா. "எழுதுங்க."

பிறகு தாளை வாங்கி, தானே ஒருமுறை படித்தாள். உதடு அசைந்தது. முதல் வரியில் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

"வரலேன்னா?" என்றாள் யாரையும் பார்க்காமல்.

"வரலேன்னா நாங்க இருக்கோம்" என்றாள் தலீலா. "ஆனா அண்ணன் வர்றது வேற. அது எனக்குத் தெரியும் அக்கா."

எனக்கும் ஒரு பயம் இருந்தது. அதை நான் சொல்லவில்லை. ஊரிலிருந்து ஒருவர் இங்கே வந்து பார்த்துவிட்டால் இந்த இடம் இப்படியே இருக்குமா? இங்கே அனீஸ் ஆடுவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே நானும் மற்றவர்களைப் போல உட்கார்ந்து சாப்பிடுகிற ஒருவன். ஆனால் என் மனைவிக்கு இருப்பது ஒரே அண்ணன்.

தாளை மடித்துக் கொடுத்தேன். அவள் உறைக்குள் வைத்து, பசையை நாக்கால் ஈரப்படுத்தி, காரின் கண்ணாடிமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். ஜலேல் வேனைக் கிளப்பிவிட்டான். இரவுத் தராவீஹ் தொழுகைக்கு முன் கோட்டைத் தெருவுக்கு ஒரு சவாரி இருந்தது அவனுக்கு.

"அவன் கையிலதான் கொடுக்கணும்" என்றாள் நஜியா. "அண்ணிகிட்ட வேண்டாம். கத்தினான்னா கத்தட்டும், நீ நின்னு கேளு. ஓடிவந்துடாத."

"பதில் வாங்கிட்டு வரவா அக்கா?"

அவள் யோசித்தாள். "வேண்டாம். படிக்கட்டும்."

ஜலேல் உறையை வாங்கிச் சட்டைக்குள், மழை படாத இடத்தில் வைத்துப் பொத்தானைப் போட்டான். தலீலா ஸ்கந்தரைத் தூக்கி உள்ளே உட்காரவைத்து, தானும் ஏறிக் கதவைச் சாத்தினாள். வேன் சேற்றில் ஒருமுறை திணறியது, பிறகு சாலையைப் பிடித்து ஊரைப் பார்த்துப் போனது.